ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு: இழப்பீடு இருந்தது, நோயாளிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை – ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற பெயரில் ஒரு செயற்கை இடுப்பு மூட்டை விற்றது. உலகம் முழுக்க சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட அந்த மூட்டை 2010 ஆகஸ்டில் நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 அறுவைகளில் அது பயன்பட்டிருந்தது. எட்டு ஆண்டு கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 30 லட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று மத்திய அரசு கணக்கு வகுத்தது. அதற்குள் சுமார் 3,600 நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

நோயாளிகள் எவர் பெயரும் இதில் வராது. அமைப்புகளின் பெயரும் தேதிகளும் பொதுவெளியில் பதிவானவை. இழப்பீட்டுத் தொகை பற்றித்தான் இந்த விவகாரத்தில் அதிகம் பேசினார்கள். என் பார்வையில் தொகையைவிடப் பெரிய சிக்கல் ஆவணங்களில் இருந்தது. அதனால் அந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி: யாருக்கு, ஏன் இந்த மூட்டு

மேலை நாடுகளில் இடுப்பு மூட்டு மாற்று என்றால் பெரும்பாலும் வயதான காலத்துத் தேய்மானம்தான் காரணம். இந்தியாவில் நிலைமை வேறு. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போகும் ஏவிஎன், மூட்டுகளை இறுக்கிவிடும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சரியாகக் கூடாத பழைய எலும்பு முறிவு என்று முப்பது, நாற்பது வயதிலேயே மூட்டு மாற்றிக்கொள்பவர்கள் இங்கே நிறைய. சம்பாதிக்கும் வயது, இன்னும் முப்பது ஆண்டு நடக்க வேண்டிய கால்.

இந்த வயதினருக்கு அப்போது மருத்துவர்கள் முன்னால் ஒரு கவலை இருந்தது. வழக்கமான மூட்டில் உலோகப் பந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சுழலும். நன்றாக ஓடியாடும் ஆளுக்கு அந்தப் பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகமாக இருந்தால் தேய்மானம் குறையும், பந்தைப் பெரிதாக வைக்கலாம், மூட்டு நழுவுவது குறையும் என்பதுதான் உலோகத்தின் மேல் உலோகம் என்ற வடிவமைப்பின் வாக்குறுதி. ஏஎஸ்ஆரில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல் அதன்மேல் உலோக உறை போடும் ரீசர்ஃபேசிங். மற்றொன்று, மூட்டை முழுதாக மாற்றும் ஏஎஸ்ஆர் எக்ஸ்எல்.

ஐரோப்பாவில் இது 2003 முதல் விற்பனையில் இருந்தது. அமெரிக்காவில் எக்ஸ்எல் வகை 2005இல் அனுமதி பெற்றது, அதுவும் ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிகளைப் போன்றதுதான் என்று காட்டினால் போதும் என்ற வழியில். மனிதர்களிடம் தனியாகப் பரிசோதித்துக் காட்ட அந்த வழியில் தேவை ஏற்படவில்லை. இந்தியாவில் எலும்பு உட்பொருள்களை, அதாவது உடம்புக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட்களை, மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததே 2005 அக்டோபரில்தான். அடுத்த ஆண்டு இறக்குமதி உரிமம் கிடைத்து, ஏஎஸ்ஆர் இங்கே விற்பனைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் இதைப் பொருத்திய அறுவை மருத்துவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அனுமதி பெற்ற பொருள், பெயர் பெற்ற நிறுவனம், இளம் நோயாளிக்கு நல்லது என்ற நம்பிக்கை. பிரச்சினை தெரிந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

கண்டது என்ன: உடம்பில் நடந்தது

ஏஎஸ்ஆரின் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. அதைச் சற்றே செங்குத்தாகப் பொருத்திவிட்டாலும் பந்து கிண்ணத்தின் நடுவில் அமராமல் விளிம்பில் உரசும். இரண்டு உலோகங்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய திரவப் படலம் அங்கே கலைந்துவிடும். உரசலில் கோபால்ட்டும் குரோமியமும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிரும். துகள்கள் சுற்றியுள்ள தசையிலும் தசைநாரிலும் தங்கும், அயனிகள் ரத்தத்தில் கலக்கும்.

நோயாளி முதலில் உணர்வது தொடை இடுக்கில் ஒரு வலி. சிலருக்கு நடக்கும்போது மூட்டில் சத்தம், சிலருக்கு வீக்கம். எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருப்பதாகவே தெரியலாம், மென்தசையில் நடக்கும் சேதத்தை எக்ஸ்ரே காட்டாது. "மூட்டு நல்லாத்தான் இருக்கு, பயிற்சி செய்யுங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இப்படித்தான் உருவானார்கள். மறு அறுவைக்காகத் திறந்து பார்க்கும்போது சாம்பல் நிறமாகவும் கறுப்பாகவும் கறைபட்ட திசு, தேங்கி நிற்கும் திரவம், சில நேரம் புற்றுநோய் அல்லாத கட்டி. சேதம் அதிகமாகிவிட்டால் புது மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசையே மிச்சம் இருக்காது. அதனால்தான் மறு அறுவையைத் தள்ளிப்போடுவது இந்த விஷயத்தில் ஆபத்து.

ரத்தத்தில் கோபால்ட் அளவு மிக அதிகமானால் காது, கண், நரம்பு, தைராய்டு, இதயத் தசை வரை பாதிக்கலாம் என்பது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. 2010 ஏப்ரலில் பிரிட்டனின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பு, உலோகத்தின் மேல் உலோக மூட்டு உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும் நிலைகளைச் சொல்லி, லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்ற அளவை எச்சரிக்கைக் கோடாக வைத்தது. இந்தப் பரிசோதனையே சாதாரணமானது இல்லை. மிக நுண்ணிய அளவில் இருக்கும் சுவடு உலோகங்களை அளப்பதற்கென்றே தயாரித்த குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி, குழாயிலிருந்தே உலோகம் கலந்து முடிவு கெட்டுப்போகும். பிற்பாடு இழப்பீடு கேட்கும்போது இந்த ஒரு தாளின் தரம் கேள்விக்குள்ளாகக்கூடும்.

யார் முதலில் கண்டார்கள்

ஆஸ்திரேலியாவில் 1999 முதல் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடு இயங்குகிறது. எந்த மூட்டு, எந்த நோயாளிக்கு, எந்தத் தேதியில், எப்போது மறுபடி திறக்கப்பட்டது என்று நாடு முழுவதற்கும் அதில் கணக்கு உண்டு. 2007 முதலே ஏஎஸ்ஆர் மற்ற மூட்டுகளைவிட அதிகமாகத் தோற்பதை அந்தப் பதிவேடு காட்டியது. 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது.

அடுத்து இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டின் கணக்கு வந்தது: ஐந்து ஆண்டுக்குள் ரீசர்ஃபேசிங் வகையில் 12 சதவீதமும் எக்ஸ்எல் வகையில் 13 சதவீதமும் மறு அறுவைக்கு வந்திருந்தன. எட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2010 ஆகஸ்டில் உலகளாவிய திரும்பப் பெறுதலுக்கு அடிப்படையாக நிறுவனம் காட்டியது இந்த எண்களைத்தான். 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் நடந்த முதல் விசாரணையில் நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்று வெளிவந்தது. ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பழுதாகும் என்ற மதிப்பீடு அதில் இருந்தது. அந்த வழக்கில் ஜூரி நிர்ணயித்த தொகை சுமார் 83 லட்சம் டாலர்.

இந்தியாவில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. மருத்துவர் சங்கம் தானாக முன்வந்து நடத்தும் பதிவேடு ஒன்று உண்டு, ஆனால் அதில் சேர்ப்பது கட்டாயமில்லை. அதனால் 4,700 அறுவையில் எத்தனை தோற்றன என்பதற்கு இந்தியாவிடம் சொந்த எண் கிடையாது. நம் நோயாளிகளின் பாதிப்பை அளக்க வெளிநாட்டுப் பதிவேடுகளின் சதவீதத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

2010 முதல் 2013 வரை: முதல் முடிவுகள்

திரும்பப் பெற்றபோது நிறுவனம் எடுத்த முடிவு, பரிசோதனைச் செலவையும் தேவைப்பட்டால் மறு அறுவைச் செலவையும் திருப்பித் தருவது. இந்தியாவிலும் உதவி எண் ஒன்று திறக்கப்பட்டது. நோயாளி பதிவு செய்து, ஆவணங்களைக் கொடுத்து, செலவைப் பெறலாம். இறுதியில் சுமார் 1,080 பேர்தான் பதிவாகியிருந்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். செலவைத் திருப்பித் தருவதும் இழப்பீடும் ஒன்றில்லை. முதலாவது, மருத்துவமனைக்கு நோயாளி கட்டிய பணம் திரும்ப வருவது. இரண்டாவது, இரண்டாம் முறை எலும்பை வெட்டிய வலி, போன வேலை, இனி சம்மணம் போட்டு உட்கார முடியாத கால், குறைந்துபோன ஆயுட்கால வருமானம் ஆகியவற்றுக்கான ஈடு. பல நோயாளிகள் முதலாவதைப் பெற்றதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தார்கள். வேறு உரிமை இருப்பதாக அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை.

மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் இந்த மூட்டு பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்தது. மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு நாடு தழுவிய எச்சரிக்கை வெளியிட்டது 2013 டிசம்பரில், உலகம் திரும்பப் பெற்று மூன்று ஆண்டு மூன்று மாதம் கழித்து.

அதற்கு முந்தைய மாதம், 2013 நவம்பரில், அமெரிக்காவில் சமரசம் அறிவிக்கப்பட்டது: சுமார் 8,000 பேருக்கு ஏறத்தாழ 250 கோடி டாலர், கழிவுகளுக்கு முன் ஆளுக்கு அடிப்படைத் தொகை 2.5 லட்சம் டாலர். அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதிக்குள் மறு அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது பொருந்தும். ஆஸ்திரேலியாவில் குழு வழக்கு 2016இல் 25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு முடிந்தது. அதே மூட்டு, அதே பழுது, இங்கே உதவி எண்.

மூன்று ஆண்டு விதி

இந்த ஆய்வில் நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இப்போது தேதிகளைப் போட்டுப் பாருங்கள். திரும்பப் பெறுதல் 2010 ஆகஸ்ட். அதற்கு முந்தைய நாள் செய்த கடைசி அறுவைக்குக்கூட இந்த மூன்று ஆண்டு 2013 ஆகஸ்டில் முடிகிறது. அரசின் எச்சரிக்கை 2013 டிசம்பர். எச்சரிக்கை வந்த நாளில், திரும்பப் பெறும் முன் ஏஎஸ்ஆர் பொருத்திக்கொண்ட ஒரே ஒருவருடைய கோப்பைக்கூட வைத்திருக்கும் கடமை இந்த விதிப்படி எந்த மருத்துவமனைக்கும் இல்லை. வைத்திருந்தவர்கள் நல்ல பழக்கத்தால் வைத்திருந்தார்கள்.

கோப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு உட்பொருளோடும் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும். அவற்றில் பொருளின் பெயர், குறியீட்டு எண், தயாரிப்புத் தொகுதி எண் இருக்கும். அறுவை முடிந்ததும் அவற்றை அறுவைக் குறிப்புத் தாளில் ஒட்டுவார்கள். ஒரு முழு இடுப்பு மூட்டுக்கு கிண்ணம், பந்து, இணைப்பு உறை, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு என்று மூன்று நான்கு ஸ்டிக்கர் வரிசையாக இருக்கும். தண்டு வேறு பெயரில் இருக்கும், கிண்ணத்திலும் பந்திலும்தான் ஏஎஸ்ஆர் என்ற எழுத்து வரும். நோயாளி கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ "வலது முழு இடுப்பு மூட்டு மாற்று செய்யப்பட்டது" என்று ஒற்றை வரிதான் இருக்கும். எந்த நிறுவனம், எந்த மாடல் என்று எழுதும் வழக்கம் பல இடங்களில் இல்லை. மருத்துவமனை பில்லிலும் "இம்ப்ளான்ட்" என்று ஒரு தொகை. அந்தத் தாளும் அதில் ஒட்டிய ஸ்டிக்கரும் போய்விட்டால், தன் உடம்புக்குள் இருப்பது ஏஎஸ்ஆர்தான் என்பதை நிரூபிக்க நோயாளியிடம் எக்ஸ்ரே மட்டும் மிஞ்சும். தேர்ந்த கண் அதில் ஓரளவு ஊகிக்கலாம். தொகுதி எண்ணை எக்ஸ்ரே சொல்லாது.

நிறுவனத்திடம் இருந்தது மருத்துவமனைக்கு எத்தனை போயிற்று என்ற விற்பனைக் கணக்கு. எந்த நோயாளிக்குள் எது போயிற்று என்பது மருத்துவமனைக்கு மட்டுமே தெரியும். 2010 ஆகஸ்டிலேயே மருத்துவமனைகள் தங்கள் பதிவைப் புரட்டி, ஆளுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் பெரும்பாலானோரைப் பிடித்திருக்கலாம், அப்போது கோப்புகள் இருந்தன. சில மருத்துவர்கள் அதைச் செய்தார்கள், தங்கள் நோயாளிகளைத் தேடிக் கூப்பிட்டார்கள். செய்யாதவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. மூட்டைப் பொருத்தியதில் அவர்களிடம் பிழை இல்லாமல் இருக்கலாம். பழுது என்று தெரிந்த பின் சொல்லாமல் இருந்தது பிழைதான்.

2017, 2018: குழுவும் சூத்திரமும்

நோயாளிகளின் தொடர் முறையீடுகளுக்குப் பிறகு 2017 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் டாக்டர் அருண் குமார் அகர்வால் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. அவர் டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் முன்னாள் டீன். குழு 2018 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. மூட்டு பழுதுள்ளது, நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள், நிறுவனம் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 லட்சம் ரூபாய் தர வேண்டும், மறு அறுவைச் செலவை 2025 ஆகஸ்ட் வரை ஏற்க வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். நிறுவனம் குழுவுக்குத் தேவையான தகவல்களை முழுமையாகத் தரவில்லை என்றும் அது பதிவு செய்தது.

20 லட்சம் என்ற ஒரே தொகையை எல்லோருக்கும் பொதுவாக வைப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. முப்பத்தைந்து வயதில் வேலையிழந்தவருக்கும் எழுபது வயதில் மறு அறுவை செய்துகொண்டவருக்கும் இழப்பு ஒன்றாக இருக்க முடியாது. எனவே ஒவ்வொருவரின் தொகையையும் கணக்கிட, சப்தர்ஜங் மருத்துவமனையின் விளையாட்டுக் காய மையத்தின் டாக்டர் ஆர்.கே. ஆர்யா தலைமையில் மத்திய நிபுணர் குழு அமைந்தது. 2018 நவம்பர் இறுதியில் சூத்திரம் வெளியானது. வயதும் ஊனத்தின் சதவீதமும் தொகையைத் தீர்மானிக்கும். வலி, மன வேதனை ஆகியவற்றுக்கு அதன்மேல் 10 லட்சம் ரூபாய். இப்படித்தான் 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்ற வீச்சு வந்தது. மாநிலந்தோறும் எலும்பு மருத்துவர், கதிரியல் (எக்ஸ்ரே, ஸ்கேன்) மருத்துவர் உள்ளிட்ட குழுக்கள் நோயாளியைப் பரிசோதித்து ஊனத்தை மதிப்பிட வேண்டும், நோயாளி நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம்.

வயதைக் கணக்கில் சேர்த்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நம் நோயாளிகள் இளையவர்கள் என்ற உண்மை அதனால் தொகையில் பிரதிபலித்தது. குறை வேறு இடத்தில். ஊனச் சதவீதம் என்பது நடை, அசைவு, வலிமை ஆகியவற்றை அளக்கும் கருவி. ரத்தத்தில் கோபால்ட் ஏறி, மூட்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர், எப்போது அறுவை வருமோ என்ற பயத்தோடு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறார். அவருடைய இழப்பு அந்த அளவுகோலில் சரியாகப் பிடிபடாது.

2019: நீதிமன்றத்தில்

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இது தொடர்பான பொதுநல வழக்கை முடித்துவைத்தது. சூத்திரத்தைப் பரவலாக விளம்பரப்படுத்தி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் அரசின் திட்டத்தை அணுக வழி செய்ய வேண்டும் என்று சொன்னது. அதன்பின் மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு தனித்தனி நோயாளிகளுக்குத் தொகை நிர்ணயித்து உத்தரவிடத் தொடங்கியது. மும்பை நோயாளி ஒருவருக்குச் சுமார் 74.5 லட்சம் ரூபாய் என்பது அவற்றில் ஒன்று.

நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தன்னைக் கேட்காமல் சூத்திரம் வகுக்கப்பட்டது, இப்படி இழப்பீடு கொடுக்கச் சொல்ல அரசுக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தைக் கேட்டதும் கோபம் வரும். ஆனால் அது தொட்ட இடம் உண்மையில் பலவீனமானது. 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தில் தரமற்ற பொருளுக்குத் தண்டனை உண்டு, உரிமத்தை ரத்து செய்யலாம். நீதிமன்றத் தண்டனை இல்லாமலே பாதிக்கப்பட்ட நோயாளிக்கு உற்பத்தியாளர் பணம் கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட வழி செய்யும் பிரிவு அதில் இல்லை. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவி விதிகளிலும் இழப்பீடு என்பது பரிசோதனைக் கட்டத்தில் பங்கேற்பவர்களுக்குத்தான். விற்பனைக்கு வந்துவிட்ட கருவியால் பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. நோயாளிக்கு வேண்டியதை அரசு செய்ய முனைந்தது, அதைத் தாங்கும் சட்டத்தை முன்பே எழுதி வைக்கவில்லை.

2019 மே மாதம் நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் ஒரு நிலைப்பாட்டைத் தெரிவித்தது: மறு அறுவை செய்துகொண்டு, சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் தரத் தயார். சூத்திரம் செல்லுமா என்ற கேள்வி அதோடு தீரவில்லை. 67 பேருக்கு அது உடனடி ஆறுதல், அதைச் சிறிதாக எண்ணக் கூடாது. பல ஆண்டு கடன் வாங்கி வைத்தியம் பார்த்தவர்களுக்கு 25 லட்சம் பெரிய பணம். ஆனால் 4,700 அறுவைக்கு எதிரே 67 என்ற எண்ணையும், சூத்திரத்தின் கீழ்வரம்பான 30 லட்சத்துக்கு எதிரே 25 லட்சத்தையும் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நுகர்வோர் நீதிமன்றம் ஏன் எளிய வழியாக இல்லை

குழு, சூத்திரம் எல்லாம் வருவதற்கு முன்பே நோயாளிக்கு ஒரு வழி இருந்தது: 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பழுதுள்ள பொருளுக்கு உற்பத்தியாளர் மீதே புகார் கொடுக்கலாம். நடைமுறையில் இரண்டு தடைகள் இருந்தன.

முதலாவது, காலக்கெடு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்த நாள் எது? மூட்டைப் பொருத்திய நாளா, திரும்பப் பெற்ற நாளா, ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளா, மறு அறுவை நாளா? தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் நுகர்வோர் நீதிமன்றம் ஏற்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆனால் வலியோடு இருக்கும் நோயாளி தன் வழக்கைப் பேசும் முன்பே தாமதத்தை விளக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுகிறார்.

இரண்டாவது, மூட்டு தோற்றது என்பதும் அது சட்டப்படி பழுதுள்ள பொருள் என்பதும் வேறு வேறு. இங்கிலாந்தில் இதே நிறுவனத்தின் பினக்கிள் என்ற மற்றொரு உலோக மூட்டு தொடர்பாக 300க்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கு 2018இல் தோற்றது இந்த இடத்தில்தான். எந்தச் செயற்கை மூட்டும் ஒரு நாள் தோற்கும், இது எதிர்பார்க்கத்தக்க அளவைவிட மோசமானதா என்பதை நோயாளிகள் தரப்பு நிறுவ முடியவில்லை என்று நீதிமன்றம் கருதியது. ஏஎஸ்ஆரில் பதிவேடுகளின் எண்களும் நிறுவனமே திரும்பப் பெற்றதும் இந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தன. ஆனாலும் என் உடம்பில் இருந்தது அதுதான், அதனால்தான் கெட்டது என்று காட்ட அந்த ஸ்டிக்கரும், எடுத்த மூட்டும், திசுப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். மறு அறுவையில் எடுத்த மூட்டை என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றாத நோயாளி தன் மிக வலுவான சாட்சியத்தை அந்த அறுவை அரங்கிலேயே இழந்துவிடுகிறார்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே சேர்ந்தது. உற்பத்தி, வடிவமைப்பு, போதிய எச்சரிக்கை இல்லாமை என எந்தக் குறைக்காகவும் உற்பத்தியாளரை நேரடியாகக் கேட்கலாம். இனி வரும் நோயாளிகளுக்கு இது நல்ல கருவி. 2007இல் மூட்டு பொருத்திக்கொண்டவர் அதைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய சட்டமா புதியதா என்ற வாதத்திலேயே நாள் போகும்.

என்ன மாற வேண்டும்

உட்பொருள் உடம்பில் இருக்கும் காலம் முழுக்க அறுவைக் குறிப்பும் ஸ்டிக்கர் தாளும் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு என்ற விதி காய்ச்சலுக்குச் சேர்ந்த நோயாளிக்குப் போதும், பதினைந்து இருபது ஆண்டு உழைக்க வேண்டிய மூட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. விதி மாறும்வரை நோயாளியோ குடும்பத்தாரோ செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே ஸ்டிக்கர் ஒட்டிய தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கேட்டால் தருவது மருத்துவமனையின் கடமை, சலுகை இல்லை. ஏற்கெனவே மூட்டு மாற்றியவர்களும் இப்போதே எழுதிக் கேட்கலாம்.

பதிவேட்டைக் கட்டாயமாக்காமல் இழப்பீட்டுத் திட்டம் எதுவும் பலிக்காது. ஆஸ்திரேலியப் பதிவேட்டுக்கு ஆகும் செலவு கருவி நிறுவனங்களிடம் வாங்கும் வரியிலிருந்து வருகிறது. இங்கேயும் விற்கும் ஒவ்வொரு மூட்டின் மேலும் சிறு தொகை போட்டால் நோயாளிக்குப் பாரமாகாது. 2015இல் தொடங்கிய மருத்துவக் கருவிப் பாதுகாப்புத் திட்டம் பாதக நிகழ்வுகளைத் திரட்டுகிறது, அது வேண்டியதுதான். ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். புகார் கொடுக்கத் தெரியாதவரையும் சேர்த்து எண்ணுவது பதிவேடு மட்டும்தான்.

திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த முப்பது நாளுக்குள் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளுக்குத் தனித்தனியாகத் தெரிவித்து, தெரிவித்ததற்கான பட்டியலை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று விதியில் எழுதலாம். நாளிதழில் விளம்பரம் கொடுத்தோம் என்பது தெரிவித்தல் ஆகாது. தன் மூட்டின் பெயரே தெரியாதவர் அந்த விளம்பரத்தைப் படித்தாலும் அது தனக்கானது என்று எப்படி அறிவார்?

இழப்பீடு தரும் அதிகாரத்தை மருந்துச் சட்டத்திலேயே வெளிப்படையாக எழுத வேண்டும், சூத்திரம் அதன் கீழ் விதியாக வர வேண்டும். அதோடு, உட்பொருள் வழக்குகளில் இரண்டு ஆண்டுக் கெடு, இந்த மாடல்தான் தன் உடம்பில் இருக்கிறது என்பதும் அது பழுதுள்ளது என்பதும் எழுத்து மூலம் நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓடும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நோயாளிக்குத் தெரிவித்த தேதியை நிரூபிக்கும் பொறுப்பு அப்போது மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் போகும்.